துறைமுகத்தில் ஓர் ஒற்று



அட்டாளைச்சேனைக் கரையில் நின்று வடக்கே நோக்கினால், கல்முனைக்கும் அப்பால் மட்டக்களப்புக் கடல் விரிந்து கிடக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அதே நாளில், கீழ்த்திசையில் நெடுந்தொலைவிலுள்ள பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தான் தீபகற்பத்தில், அமெரிக்க, பிலிப்பினோப் படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்தன. அதனால் அயல்நாட்டில் திக்கற்று நின்ற ஒரு பெண்ணின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்வோம்.

கிளேர் பிலிப்ஸ் என்பது அவர் பெயர். 1941இல் மணிலாவுக்கு வந்த அமெரிக்கப் பெண். ஊர் திரும்பக் கப்பல் இல்லை. அவர் தம் கணவர் என்று கூறிய ஜோன் பிலிப்ஸ் என்ற போர்வீரர், கபனத்துவான் சிறைமுகாமில் 1942இல் மாண்டார். அமெரிக்கர் என்று தெரிந்தால் தமக்கும் சிறையே கிட்டும் என்பதால், இத்தாலிய மரபினர் எனக் காட்டும் போலிப் பத்திரங்களுடன் டோரதி புவெந்தஸ் ஆனார். அவ்வாண்டு அக்டோபரில், ஜப்பானிய அதிகாரிகளுக்கென சுபாகி என்ற கேளிக்கை விடுதியைத் திறந்தார்.

ஒற்று என்றதும் மாறுவேடமும் துப்பாக்கியும் நம் நினைவுக்கு வரலாம். துறைமுகத்தில் ஒற்றனுக்கு வேண்டியவை மிகச் சிறியவை: கப்பல் எந்நாள் புறப்படும், எங்கே செல்லும், எதை ஏற்றிச் செல்லும் என்பனவே. விடைபெற வந்த அதிகாரி மது மயக்கத்தில் உதிர்க்கும் ஒரு சொல் அதற்குப் போதும். அத்தகைய சொற்கள் சிறு சீட்டுகளாகி, பத்தான் மலைக்காட்டில் மறைந்திருந்த கெரில்லாத் தலைவர் ஜோன் பூனிடம் சேர்ந்தன. விடுதியின் வருவாயோ, கபனத்துவான் கைதிகளுக்கு மறைவாகச் சென்ற உணவாகவும் மருந்தாகவும் மாறியது.

1944 மே மாதம் ஜப்பானிய இராணுவப் பொலிஸார் அவரைக் கைது செய்தனர். வதைகளுக்குள்ளாகிச் சிறையில் கிடந்தவரை, 1945 பிப்ரவரியில் அமெரிக்கப் படை விடுவித்தது. 1951இல் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. ஆயினும், தாம் செலவிட்டதற்கும் இழந்ததற்கும் ஈடாக அவர் கோரிய 1,46,850 டொலர்களில், 1957இல் நீதிமன்றம் அளித்தது 1,349 டொலர்களே. அவர் கூற்றுகள் பலவற்றிற்கு ஆதாரம் இல்லை என்றும், சில மிகைப்படுத்தப்பட்டவை என்றும் அது கண்டது. மூன்றாண்டுகளில், 1960இல், அவர் காலமானார்.

ஒற்றன் சொல்லைப் பிறிதோர் ஒற்றைக் கொண்டு ஒப்பிட்டே ஏற்க வேண்டும் என்று வள்ளுவரும் வகுத்தார். ஆதலின் நீதிமன்றத்தை முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், கணக்கேடு ஒன்று அகப்பட்டாலே உயிர் போகும் காலத்தில் எவர் கணக்கு எழுதி வைப்பார்? கிளேருக்கேனும் ஒரு பதக்கமும் ஒரு பெயரும் எஞ்சின. சீட்டுகளையும் மருந்துப் பொதிகளையும் சுமந்து சென்ற பிலிப்பினோ ஆடவர், பெண்டிர் பலருக்கு அவைகூட வாய்க்கவில்லை. இவ்வரலாற்றைக் கேட்கும்போது அவர்களையும் நாம் நினைத்தல் வேண்டும்.