சீட்டில் வந்த மரணம் யாருடையது?

எங்கள் ஊர்களில் சாத்திரம் கேட்பது புதிய விடயமல்ல. குறிப்புப் பார்ப்பது, காண்டம் வாசிப்பது, மை போட்டுப் பார்ப்பது, கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பது என்று எத்தனையோ வழிகளைக் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் மகளின் கலியாணம், மகனின் உத்தியோகம், வெளிநாட்டுப் பயணம் என்று பல கேள்விகளோடு போனோம். யுத்தம் பல வீடுகளில் அந்தக் கேள்விகளையெல்லாம் ஒன்றாக்கிவிட்டது. "என்ரை பிள்ளை உயிரோடை இருக்குதோ? அவர் திரும்பி வருவாரோ?"

அண்மைக் காலத்தில் இந்த வரிசையில் 'டாரட்' என்னும் படச்சீட்டும் சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் யூரியூப்பைத் திறந்தால் தமிழிலேயே சீட்டுக்களைக் கலைத்துப் பரப்பிப் பலன் சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அவற்றை வட்ஸ்அப்பில் அனுப்பியும் வைக்கிறார்கள். பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களுக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் காணாமற்போன ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டு பார்க்கும் பெண்ணின் முன்னே, குதிரையில் ஏறி வரும் எலும்புக்கூட்டின் படம் வந்தால் என்ன ஆகும்? அதன் கீழே ஆங்கிலத்தில் 'மரணம்' என்றே எழுதியிருக்கும். அன்று இரவு அவளுக்கு நித்திரை வருமா? ஆகவே அந்தச் சீட்டை நாம் சற்று விளங்கிக்கொள்வது நல்லது.

எங்கிருந்து வந்தது?

டாரட் சாத்திரத்துக்காக உண்டானதல்ல. 15 ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பணக்கார வீடுகளில் ஆடிய சீட்டாட்டம் அது. மொத்தம் 78 சீட்டுக்கள். அவற்றில் 22 சீட்டுக்களில் அரசி, துறவி, சூரியன், சந்திரன் போன்ற தனிப் படங்கள் இருக்கும். 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் அதை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் பரவியது. 1781 இல் கூர் து ஜெபலன் என்பவர், இது பண்டைய எகிப்தின் இரகசிய ஞானம் என்று எழுதினார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எகிப்தின் பழைய எழுத்துக்களை அக்காலத்தில் எவராலும் வாசிக்கவே முடியாதிருந்தது.

இன்று அதிகம் பார்க்கப்படும் படங்கள் 1909 இல் இலண்டனில் வெளிவந்தவை. ஆதர் எட்வேர்ட் வெயிற் என்பவர் திட்டமிட, பமீலா கொல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தார். உலகமெங்கும் விற்பனையான அந்தப் படங்களால் அவருக்குக் கிடைத்த ஊதியம் சொற்பமே. 1951 இல் அவர் வறுமையில் இறந்தார். எதிர்காலம் சொல்வதாகக் கூறப்படும் சீட்டுக்களை வரைந்தவரின் கதையே இப்படித்தான் முடிந்தது.

படத்தில் என்ன இருக்கிறது?

மரணச் சீட்டு 13 ஆவது இலக்கமுடையது. கறுப்புக் கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அதன் கையில் இருக்கும் கறுப்புக் கொடியில் ஒரு வெள்ளை ரோசாப்பூ. குதிரையின் காலடியில் ஓர் அரசன் விழுந்து கிடக்கிறான். மதகுரு ஒருவர் கைகூப்பி நிற்கிறார். இளம்பெண் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சிறு பிள்ளையோ பயமின்றி நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் ஓர் ஆறு, அதில் ஒரு படகு. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன்.

இன்று டாரட் வாசிப்பவர்கள் பெரும்பாலும் இதனை ஒருவரின் சாவு என்று சொல்வதில்லை. ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றே பொருள் கூறுவார்கள். சீட்டுத் தலைகீழாக வந்தால், நகர முடியாமல் ஒரே இடத்தில் உறைந்து நிற்கும் நிலை என்பார்கள். ஆனால் 1911 இல் வெளியான வெயிற்றின் நூலில், இதே சீட்டுக்கு முடிவு, அழிவு என்ற பொருள்களோடு, ஆணுக்கு ஒரு பலன், பெண்ணுக்கு இன்னொரு பலன், கன்னிப் பெண்ணுக்குக் கலியாணம் தடைப்படும் என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. படம் ஒன்றுதான். பலன் மட்டும் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிறது. அப்படியானால் பொருள் சீட்டில் இல்லை. அதை வாசிப்பவரின் வாயில் இருக்கிறது.

கிளிச் சாத்திரத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் அகதிகளாக இருந்த எம்மில் பலர் அங்கே அதைக் கண்டிருப்பார்கள். பழக்கப்பட்ட கிளி கூண்டை விட்டு வெளியே வந்து, ஒரு சீட்டை இழுத்துக் கொடுத்துவிட்டு, நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சீட்டில் ஒரு தெய்வத்தின் படம் இருக்கும். அதன் பிறகு பேசுவதெல்லாம் சாத்திரக்காரரே. எங்கள் முகத்தைப் பார்த்து, நாங்கள் சொன்ன இரண்டு வார்த்தையைப் பிடித்து, அவர் மீதியைச் சொல்கிறார். டாரட்டும் இதைப் போன்றதுதான்.

கேட்பது ஏன்?

இதனால் சாத்திரம் கேட்கும் பெண்களை "மூடநம்பிக்கை" என்று ஏசிவிட்டுப் போவது நியாயமாகாது. 1990களில் மட்டக்களப்பில் தெய்வம் ஏறிக் குறி சொல்பவர்களிடம் தாய்மார் போனதைப் பற்றி மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில், பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவதற்கு அந்தக் கோயில்கள் இடம் கொடுத்தன. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல்.

இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் வாழும் துயரத்தை, அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். செத்த வீட்டுக்கு எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு. இந்த இழப்புக்கு எந்தச் சடங்கும் இல்லை. அதனால்தான் எவராவது ஒரு முடிவைச் சொல்லமாட்டாரா என்று மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தைக் காசாக்குபவர்களும் இருக்கிறார்கள். "தெற்குத் திசையில் உயிரோடு இருக்கிறார், ஒரு கழிப்புக் கழிக்க வேண்டும்" என்பார்கள். அடுத்த முறை இன்னொரு பரிகாரம் சொல்வார்கள். தோடும் அடைவுக்குப் போய்விடும்.

சீட்டால் முடியாத காரியம்

1996 ஆம் ஆண்டில் குடாநாட்டில் 600 பேர் வரை காணாமற்போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. 1999 இல் செம்மணியில் 15 பேரின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில், அங்கே கிடைத்த உடைகளும் பொருட்களும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. ஒருவருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லக்கூடியவை இவைதான்: மண், எலும்பு, துணி, சாட்சியம், பதிவேடு. இவற்றுக்குப் பதிலாக ஒரு சீட்டு பேச முடியாது.

காணாமற்போனோர் அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. அதன் யாழ்ப்பாணக் கிளை 2019 இல் திறக்கப்பட்டது. அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் தாய்மாரின் நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே 2016 இல் வந்த இன்னொரு சட்டத் திருத்தத்தை அறிந்திருங்கள். அதன்படி, ஆளைக் காணவில்லை என்பதற்குச் சான்றிதழ் பெறலாம். அது மரணச் சான்றிதழ் அல்ல. அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எங்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும், அவருடைய சொத்துக்களைத் தற்காலிகமாகக் கவனிக்கவும் அது வழிசெய்கிறது.

சீட்டுப் பார்க்க விரும்பினால்

சகோதரிகளே, பார்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பார்த்தால் இவற்றை மனதில் வைத்திருங்கள்.

இன்னொருவரின் உயிரைப் பற்றிச் சீட்டிடம் கேட்காதீர்கள். பொறுப்புள்ள டாரட் வாசிப்பாளர்கள் பலர் அந்தக் கேள்வியை ஏற்பதே இல்லை.

உங்களைப் பற்றிக் கேளுங்கள். "நான் எங்கே உறைந்து நிற்கிறேன்? எதை இனி மாற்றலாம்?" என்று கேட்டால், 13 ஆம் சீட்டின் படம்கூட யோசிக்க உதவும். முகத்தைத் திருப்பும் பெண்ணும் நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையும் ஒரே படத்தில்தான் இருக்கிறார்கள்.

பரிகாரத்துக்கு என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சீட்டை நம்பிப் பொட்டை அழிக்கவோ, தாலியைக் கழற்றவோ, வழக்கையும் பதிவையும் கைவிடவோ வேண்டாம். பொட்டு வைப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. அதைச் சீட்டும் சாத்திரியாரும் அயலட்டையும் தீர்மானிக்கக் கூடாது.

பலன் கேட்ட இரவு நெஞ்சு பதறினால் தனியே இருந்து அழாதீர்கள். இதே நிலையில் உள்ள இன்னொரு பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே அப்படிப் பலர் இருப்பார்கள். அவள் உங்களுக்குப் பலன் சொல்லமாட்டாள். ஆனால் நீங்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்பாள்.