சிப்புக்கு அடியில் ஊற்றிய பசை

கவிதை பேசுகிற அரங்கில் இன்று பசையைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் குரற்பதிவுகள் என் பழைய கைபேசியில் மட்டுமே இருந்தன. ஒருநாள் அது எழும்பவில்லை. இல்ஃபோர்ட் லேனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, சிப்புக்குக் கீழ ஈயம் வெடிச்சிட்டுது. சுத்திவரப் பசை. இது உருகாது, சுரண்டித்தான் எடுக்கோணும்."

ஈயம் ஏன் வெடிக்கிறது? போர்க்காலத்தில் இங்கே காண்ட்ஸ் ஹில் பக்கம், கட்டி முடியாத சென்ட்ரல் லைன் சுரங்கத்துக்குள் ப்ளெஸி நிறுவனம் விமானங்களுக்கான பாகங்கள் செய்தது. அந்தக் காலத்து மின்பாகங்களுக்குக் கம்பிக் கால்கள் உண்டு, கம்பி நெளிந்துகொடுக்கும். இன்றைய சிப்பின் அடியில் குட்டி ஈய மணிகள்தான். சூடேறும்போது சிலிக்கன் பாகைக்குப் பத்து லட்சத்தில் 3 பங்கு விரியும், பலகை ஏறத்தாழ 16 பங்கு. 10 மில்லிமீட்டர் சிப் 80 பாகை சூடேறினால், ஓரத்து மணியின் மேலும் கீழும் 5 மைக்ரான் விலகும். தலைமயிரின் தடிப்பில் பத்திலொன்றுகூட இல்லை. ஆனால் தினமும் சூடேறி ஆறினால், கம்பியை மடக்கி மடக்கி முறிப்பதுபோலத்தான்.

அந்த இழுவையைப் பங்குபோடத்தான் எபொக்சிப் பசையை அடியில் ஓடவிடுகிறார்கள். நம் வீட்டு அரால்டைட்டின் சொந்தக்காரன். 'பலமான பசை போட்டால் சரிதானே' என்று நானும் நினைத்தேன். இல்லை. மிக விறைப்பான பசை மணியைக் காப்பாற்றும், சிப்பை வளைத்துவிடும். சிலிக்கோன்போல மெத்தென்றிருந்தால் பாரம் திரும்ப மணிக்கே வரும். வெறும் எபொக்சி வேறு பாகைக்கு 60 பங்கு வரை விரியும். அதனால் சிலிக்காத் தூளை நிறையக் கலந்து, விரிவை 25, 30க்குக் கொண்டுவருகிறார்கள். ஈய மணியின் விரிவும் அதற்குக் கிட்டத்தான்.

இறுகிய எபொக்சி உருகாது, உண்மை. ஆனால் ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் ரப்பர்போல இளகும். பல பசைகளில் அது 100 பாகைக்குச் சற்று மேலே. தம்பி அந்த இளக்கத்தில்தான் கொஞ்சங் கொஞ்சமாகச் சுரண்டினார். அவசரப்பட்டால் பலகையின் செப்பும் சேர்ந்து வந்துவிடும்.

மூன்றாம் நாள் இரவு அழைத்தார். போன் ஒரேயொரு முறை எழும்பியதாம், அதற்குள் 31 பதிவுகளை இறக்கிவிட்டாராம். முதலாவதில் அம்மா, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறா.