மருந்தைச் சுமக்கும் புரதம்

“இந்த மருந்துல பண்டிச் சாமான் ஏதும் ஈக்கா?” என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். புரதத்தால் செய்யும் நனோ மருந்துகள் வந்தபின் அதைக் கொஞ்சம் விபரமாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

பக்ளிடக்செல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் பசுபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. அது தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய ஒரு பொருளிலும் எதனோலிலும் கரைத்தே ஏற்றினார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுத்தது. இதற்கு மாற்றாக வந்ததுதான் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ராக்சேன். மனிதக் குருதியிலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு மருந்தை உயர் அமுக்கத்தில் கலந்து, ஏறத்தாழ 130 நனோமீற்றர் அளவான துணிக்கைகளாக்குகிறார்கள். ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சம் நனோமீற்றர் உண்டு.

ஆய்வுகூடங்களில் இன்னொரு முறையும் இருக்கிறது. புரதக் கரைசலில் எதனோலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், நீரை இழந்த புரதம் நுண்துணிக்கைகளாகத் திரளும். அவை மீண்டும் கரைந்துவிடாமல் குளூற்றரல்டிஹைட்டால் பிணைத்து, மிஞ்சியதைக் கழுவி நீக்குவார்கள்.

அந்தப் புரதம் குருதி, முட்டை வெண்கரு, பால், சோளம், ஜெலற்றின் என எதிலிருந்தும் வரலாம். ஜெலற்றினும் பன்றி, மாடு, மீன் மூன்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆகவே “நனோ மருந்து கூடுமா?” என்று மொத்தமாகக் கேட்டால் ஆலிமும் என்ன செய்வார்? எந்தப் புரதம், எதிலிருந்து எடுத்தது, மாற்று மருந்து உண்டா என்று டொக்டரிடம் கேட்டறிந்து, அந்த விபரத்தோடு ஆலிமிடம் போங்கள். பதில் வரும்வரை மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.