முள் நகராத மாதங்கள்

மதுரையில் தெற்கு வாசல் பாலத்தைத் தாண்டி அவனியாபுரம் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள வில்லாபுரத்தில், பொழுது புலருமுன்னே வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் தெருக்களில் கைகளை வீசி நடப்பவர்களைக் காண்பது இப்போது சகஜமாகிவிட்டது. 'வெயிட்டைக் குறைங்க' என்று மருத்துவர் சொல்லியனுப்பிய மறுநாளே நடக்கத் தொடங்கியவர்கள் அவர்களில் பலர். முதல் மாதத்தில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. மூன்றாம் மாதத்தில் எடை இயந்திரத்தின் முள் அசைய மறுக்கும்போதுதான் நடை தளர்ந்து, பின்பு நின்றும் விடுகிறது. அப்படி நின்றுவிட்டவர்களை மன உறுதியற்றவர்கள் என்று வீட்டாரே பழிப்பதைக் கேட்கும்போது எனக்கு மிகுந்த மனவருத்தம் உண்டாகிறது. ஏனெனில் அவர்களைத் தோற்கடித்தது சோம்பல் அன்று, தேகத்தின் சுபாவத்தை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லாத குறையே.

ஆகாரத்தைக் குறைத்த முதல் இரண்டு வாரங்களில் விறுவிறுவென்று இறங்கும் எடையில் கணிசமான பங்கு கொழுப்பே அன்று, நீர். ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து, கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பதால், சோறு குறைந்து அந்தச் சேமிப்பு கரைகையில் நீரும் உடன் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு வருவதே மெய்யான வேலை. ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். நாளொன்றுக்கு 300 கலோரி மிச்சம் பிடிப்பவருக்கு அது இருபத்தைந்து நாட்களுக்கு மேற்பட்ட பிரயத்தனம். இதற்கிடையே, இரவுக் கடையில் உப்பும் காரமும் தூக்கலாக உள்ள சால்னாவோடு ஒரு நாள் பரோட்டா சாப்பிட்டால், உப்பு பிடித்து வைக்கும் நீரினாலேயே மறுநாள் முள் ஒரு கிலோ மேலே நிற்கக்கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கும் இவ்விதமே நேர்வதுண்டு. அன்று ஏறியது கொழுப்பன்று என்பதை அறியாதவர், ஒரு மாதத்து உழைப்பும் வீணாயிற்று என்று கலங்கிவிடுகிறார்.

தேகம் தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும். 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த முப்பத்தாறு இளைஞர்களை ஆறு மாத காலம் அரைவயிற்று உணவில் வைத்துப் பரிசோதித்தபோது, அவர்களுடைய சரீரங்கள் சும்மா இருக்கையில் செலவிடும் சக்தியையே வெகுவாகக் குறைத்துக்கொண்டதையும், அவர்கள் சிந்தையெல்லாம் உணவைப் பற்றியே சுழன்றதையும் கண்டார். பட்டினி கிடந்து மெலிய முயல்பவர்களின் கதி இதுவே.

ஆனால் மனம் சோர்ந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொரு பரிசோதனை. அது நம் சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்து மூன்றாண்டுகள் கவனித்து, அதன் பலனை 2006இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் நாள்தோறும் அரை மணி நேரமேனும் வேகமாக நடக்க வேண்டும், சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும் என்பவையே உபதேசம். விசேஷ உபதேசம் எதுவும் பெறாத பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றாண்டுகளில் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் உணவு நியமத்தையும் மேற்கொண்ட பிரிவில் அது ஏறத்தாழ 39 பேராகக் குறைந்தது. இத்தனைக்கும், அப்பிரிவினரின் எடை சொல்லத்தக்க அளவு குறையவே இல்லை! முள் நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே இன்சுலினுக்குத் தேகம் இணங்கும் தன்மை மேம்பட்டு வந்திருக்கிறது. எடை குறைந்தால் இன்னும் நல்லது என்பதில் ஐயமில்லை. எனினும் 'நடந்து என்ன பிரயோஜனம்?' என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முள்ளை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்வது நியாயமன்று. தையற்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பார்த்தால், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பவை நம் நாட்டவர்க்கு மருத்துவர்கள் வகுத்த எல்லைகள். கை காலெல்லாம் ஒல்லியாயிருந்தும் வயிற்றில் கொழுப்புச் சேரும் தேகவாகு நமக்கு மிகுதி. ஆதலால் இந்த அளவுக்கு எடையைக் காட்டிலும் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். அரைஞாண் கயிறு தளர்ந்து கீழிறங்குவதும், ரவிக்கையின் பக்கத் தையலைப் பிடிக்கக் கொடுக்க வேண்டியிருப்பதும், மாடிப்படியில் மூச்சிரைப்பு அடங்குவதும் முள்ளுக்கு முன்னே வந்து சேரும் செய்திகள். எடை பார்ப்பதானால் வாரம் ஒரு முறை, அதே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்து, நான்கு வாரத்துச் சராசரியை ஒப்பிடுவது போதும். பல மாதங்களாக உண்மையான சிரத்தையோடு இருந்தும் எடையோ இடுப்போ சிறிதும் அசையாவிட்டால், தைராய்டைச் சோதிக்க வேண்டுமா என்றும், உண்டுவரும் மருந்துகளில் ஏதேனும் எடையைக் கூட்டுகிறதா என்றும் மருத்துவரைக் கேட்பது அவசியம். தாமாக மருந்தை நிறுத்துவது ஆபத்து.

அந்தச் சென்னைப் பரிசோதனையில் இன்னொரு அம்சமும் என்னைக் கவர்ந்தது. கலந்துகொண்டவர்களை மாதந்தோறும் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரிலும் பேசினார்கள். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைவு மனிதரை எவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்பதைச் சித்திரை வீதிகளில் விடியற்காலையில் ஜோடி ஜோடியாகச் சுற்றி வருபவர்களிடம் பார்க்கலாம். வில்லாபுரத்துக் குடியிருப்பிலும் இதற்கு ஆள் பஞ்சமில்லை. கேட்கும் கேள்விதான் மாற வேண்டும். "என்னக்கா, எம்புட்டுக் கொறஞ்சிருக்கு?" என்று வாசலில் நிறுத்திக் கேட்பதால், குறையாதவள் குன்றிப்போய் மறுநாள் வேறு தெரு வழியாகப் போகிறாள். "இன்னைக்கு நடந்தாச்சாக்கா?" என்று கேட்டால், அதற்கு ஆம் என்று சொல்வது அவள் கையிலேயே இருக்கிறது.