காளான் குடிலில் மின்விசிறியை எங்கே வைப்பது?

சிப்பிக் காளானின் காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து, குடை மட்டும் பொத்தான் அளவில் நின்றுவிட்டால் உடனே வித்தைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் குடிலுக்குள் காற்று போதவில்லை என்றே பொருள்.

காளான் செடி இனம் இல்லை. நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வைக்கோல் படுக்கையில் வித்து பரவும் முதல் 15, 20 நாட்களில் அந்த வாயு சேர்ந்தாலும் பூசண இழைக்குப் பெரிய கேடில்லை. மொட்டு விட்டதும் நிலைமை மாறிவிடும். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கும் இந்த வாயு, அறைக்குள் 1,000 பங்கைத் தாண்டும்போது காம்பு நீளத் தொடங்கும். மரப்பொந்திலிருந்து வெளிக்காற்றைத் தேடி எட்டிப்பார்த்து வளர்ந்த உயிரின் பழக்கம் அது. சிக்கல் என்னவென்றால், இதே நாட்களில்தான் ஈரப்பதமும் 85 முதல் 90 சதவீதம் இருக்க வேண்டும். காற்று மாற வேண்டும், ஈரமும் போகக் கூடாது.

செங்கோட்டைக்கு அருகே உள்ள வடகரையில் குடில் போடுகிறவர் முதலில் மேற்கே பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும். குற்றாலத்துச் சாரலும் அதோடு வருவதுதான். மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினால் அது அந்தக் காற்றோடு மல்லுக்கட்டும். இறக்கை சுழலும், உள்ளிருக்கும் காற்று வெளியேறாது. மேற்குச் சுவரின் அடியில் காற்று நுழையும் திறப்பு, எதிரே கிழக்குச் சுவரின் மேல்பகுதியில் எக்ஸாஸ்ட் என்பதே இங்கே பொருந்தும். சீசனில் காற்று மிஞ்சும்போது திறப்பைப் பாதி மூட ஒரு பலகையும் வேண்டும். இரண்டையும் ஒரே சுவரில் வைத்தால் வந்த காற்று படுக்கைகளைத் தொடாமலே போய்விடும்.

20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையில் 3,000 கன அடி காற்று இருக்கும். மணிக்கு ஆறு முறை அதை மாற்ற, நிமிடத்துக்கு 300 கன அடி போதும். கடையில் கிடைக்கும் 12 அங்குல எக்ஸாஸ்ட் பொதுவாக இதைவிட அதிகமாகவே இழுக்கும். அதை நாள் முழுக்க ஓடவிட்டால் படுக்கை காய்ந்துவிடும். டைமர் போட்டு விட்டுவிட்டு ஓட்டுவது நல்லது. பெரிய ஃபேன் வாங்குவதைவிட நுழைவுத் திறப்பைப் பெரிதாக்குவதே முக்கியம் என்பேன். காளான் ஈயைத் தடுக்கக் கட்டும் நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும் என்பதால், திறப்பு ஃபேனைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கட்டும். கதவு திறந்து கிடந்தால் இந்த ஏற்பாடெல்லாம் வீண்.

எக்ஸாஸ்ட் மட்டும் போதாது. உறி உறியாகத் தொங்கும் படுக்கைகளுக்கு நடுவே காற்று தேங்கி நிற்கும். அதைக் கலைக்க ஒரு சின்ன ஃபேன் வேண்டும். ஆனால் மொட்டுகளை நோக்கி வைத்தால் அவை கருகிவிடும். சுவரையோ கூரையையோ பார்த்துத் திருப்பினால், பட்டுத் திரும்பும் காற்று மெதுவாக எல்லா வரிசைக்கும் போகும். போகிறதா என்று அறிய ஊதுபத்தி போதும். ஒவ்வொரு வரிசையிலும் பிடித்துப் பாருங்கள். புகை நேராக மேலே போகும் இடத்தில் காற்று அசையவில்லை.

சாரல் நாட்களில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருப்பதால் ஃபேன் எதையும் உலர்த்தாது. அப்போது தண்ணீர் தெளிப்பதைக் குறைக்காவிட்டால் குடைமேல் நின்ற ஈரத்தில் பாக்டீரியா பழுப்புப் புள்ளிகளைக் கொண்டுவரும். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: நுழைவுத் திறப்பில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்க வேண்டும். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே நின்றால், அதைத் தாங்கும் பால் காளானுக்கு மாறிவிடலாம்.

எக்ஸாஸ்ட் வெளியே தள்ளும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத காளான் வித்துத்தூள் கலந்திருக்கும். தொடர்ந்து சுவாசித்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். எனவே அதன் வாய் வீட்டு ஜன்னலையோ மாட்டுக் கொட்டகையையோ பார்க்கக் கூடாது. குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிட்டால் தூள் குறையும். பறிக்கப் போகிறவர் முகக்கவசம் அணிந்தே உள்ளே போகட்டும்.