கட்டியின் பக்கத்தில் வைக்கும் கதிர்

1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது கையில் இருந்த சிறு கட்டியை மருத்துவர்கள் அறுத்து எடுத்தார்கள். சில வாரங்களில் அது மறுபடியும் தலைகாட்டியது. மார்ச் மாதம் சென்னையிலிருந்து வந்த மருத்துவர்கள் இரண்டாவது முறை அகற்றினார்கள். அது சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு போன்ற மென்மையான திசுக்களில் தோன்றும் புற்றுநோய் என்று தெரியவந்தது. ரேடியம் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை ரமணர் ஏற்கவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு அறுவைகள் நடந்தன. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் காலமானார்.

திருவண்ணாமலையில் கிரிவலம் போகும்போது ரமணாசிரமத்தைக் கடக்கிற பலருக்கும் இந்த வரலாறு தெரியும். அதில் வந்துபோகும் ரேடியம் என்ற சொல்லை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கதிர்வீசும் பொருளைக் கட்டியின் அருகிலேயே கொண்டுபோய் வைக்கும் முறை அன்றைக்குப் புற்றுநோய் மருத்துவத்தின் முன்வரிசையில் இருந்தது. இந்த முறையிலிருந்து ரேடியம் இன்று போய்விட்டது. அந்த முறை போகவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அதுதான் சிகிச்சையின் சரிபாதி. நோயாளிகள் பாதி வழியில் விட்டுவிடக்கூடாத பாதியும் அதுதான்.

சட்டைப்பையில் பிறந்த சிகிச்சை

மேரி கியூரியும் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தது 1898 டிசம்பரில். 1901இல் இயற்பியலாளர் ஹென்றி பெக்கரல் சிறிது ரேடியத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனதில் அவருடைய தோல் வெந்து புண்ணானது. நல்ல தோலைச் சுடுகிற பொருள் நோயுற்ற தோலையும் சுடுமல்லவா? அதே ஆண்டு பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் தோல்நோய் மருத்துவர் தான்லோஸ், கியூரி தம்பதியிடம் ரேடியம் வாங்கிச் சிகிச்சையைத் தொடங்கினார். தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் 1903இல் இன்னொரு படி மேலே போனார். ரேடியத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்துப் புற்றுக்கட்டியின் நடுவிலேயே வைத்தால் என்ன என்று கேட்டார்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934இல் தொடங்கியது. அதே ஆண்டு மேரி கியூரி ரத்தச்சோகை நோயால் இறந்தார். வாழ்நாள் முழுக்க உடலில் வாங்கிய கதிரே காரணம் என்று கருதப்பட்டது. ரேடியத்தின் தொல்லை அதுதான். அதன் வீரியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் ஆகும். சிதையும்போது ரேடான் என்ற கதிர்வீசும் வாயு வெளிவரும். ரேடிய ஊசிகளைக் கையால் எடுத்து வைத்த மருத்துவர்களும் செவிலியர்களும் ஒவ்வொரு நோயாளிக்கும் கொஞ்சம் கதிரைத் தாங்களும் வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்தில் வைப்பதில் என்ன லாபம்?

கதிர்வீசும் ஒரு சிறு துகளிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்பவரால் அனலைத் தாங்க முடியாது. மாட வீதியில் நிற்பவருக்கு வெளிச்சம் மட்டுமே வந்து சேரும். கருப்பைவாயில் வைத்த துகளுக்கும் இது பொருந்தும். அரை சென்டிமீட்டரில் இருக்கும் கட்டி கருகும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் பெருமளவு தப்பிக்கும்.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் தோலில் நுழைந்து, வழியில் இருப்பதையெல்லாம் தொட்டுத்தான் கட்டியை அடைகிறது. அதனால் இடுப்புப் பகுதிக்கு 45 முதல் 50 கிரே வரை கொடுத்ததும் மருத்துவர்கள் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. (கிரே என்பது திசு உள்வாங்கும் கதிரின் அலகு.) கருப்பைவாய்க் கட்டியை முழுதாக அழிக்க, சமன்செய்து கணக்கிட்டால் 85 கிரேக்கு மேல் வேண்டும். மீதியை உள்ளிருந்துதான் கொடுக்க முடியும்.

‘உள் கரண்ட்’ வைப்பது எப்படி?

நம் ஊர்களில் கதிர்சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். இதில் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. ஷாக் அடிக்குமோ என்ற பயமும் தேவையில்லை.

வழக்கமாக முதலில் வெளிக்கதிர், வாரம் 5 நாள், சுமார் 5 வாரம். வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்து ரத்தநாளம் வழியே ஏறும். கட்டி சுருங்கிய பிறகு உள்கதிர். மயக்கமோ முதுகில் ஊசியோ கொடுத்து, கருப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றையும் அதன் இரு பக்கமும் வேறு இரு குழாய்களையும் பொருத்துகிறார்கள். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, எந்த இடத்தில் எத்தனை நொடி கதிர் வேண்டும் என்று இயற்பியலாளர் கணினியில் திட்டம் போடுகிறார்.

எல்லோரும் அறையைவிட்டு வெளியேறிய பிறகுதான் கதிர்த்துகள் உள்ளே வருகிறது. அது பெரும்பாலும் இரிடியம்-192. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன், அரிசிமணியைவிடச் சிறியது, மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் பற்றவைத்தது. கதிரைத் தடுக்கும் பெட்டிக்குள் இருக்கும் துகளை இயந்திரம் குழாய் வழியே தள்ளும். குறித்த இடங்களில் நிறுத்தும். சில நிமிடங்களில் திரும்ப இழுத்துக்கொள்ளும். நோயாளியின் உடம்பில் கதிர் எதுவும் மிஞ்சாது. வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இப்படி மூன்று, நான்கு முறை நடக்கும்; எத்தனை முறை என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்.

இரிடியம் 74 நாளில் பாதி வீரியம் இழக்கும். அதனால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுத் துகள் வாங்க வேண்டும். கோபால்ட்-60 பாதியாக 5 ஆண்டுக்கு மேல் ஆகும். அதே அளவுக்குச் சிறிதாக்கப்பட்ட கோபால்ட் துகள் வந்ததும், அடிக்கடி மாற்றும் செலவைத் தாங்க முடியாத மருத்துவமனைகளுக்கு அது கைகொடுத்தது.

ஆராய்ச்சி சொல்வது

1938இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் கருப்பைவாயிலிருந்து 2 செ.மீ. மேலே, 2 செ.மீ. பக்கவாட்டில் ஒரு புள்ளியைக் குறித்தார்கள். எல்லா நோயாளிக்கும் அந்தப் புள்ளியில்தான் கதிரளவு கணக்கிடப்பட்டது. கட்டியோ ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒருவருக்கு இடப்பக்கம் பெருத்திருக்கும், இன்னொருவருக்கு வலப்பக்கம். பல பத்தாண்டுகள் அந்தப் புள்ளியே ஆட்சி செய்தது.

எம்.ஆர்.ஐ. வந்ததும் கட்டியையே பார்த்துக் கதிர்கொடுக்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் படமெடுத்து, சுருங்கிய கட்டிக்கு ஏற்ப அளவை மாற்றினால் பலன் கூடுமா? எம்ப்ரேஸ் என்ற பன்னாட்டு ஆய்வு இதைச் சோதித்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் பங்கெடுத்த இந்த ஆய்வின் முடிவு 2021இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியானது. 24 மையங்களில் 1,341 பெண்கள். ஐந்தாண்டுக்குப் பிறகும் 92 சதவீதத்தினருக்கு நோய் தொடங்கிய இடத்தில் அது கட்டுப்பட்டிருந்தது. 74 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள். கட்டி பரவாத தொடக்கநிலை நோயாளிகள் மட்டுமல்ல, முற்றிய நிலையில் வந்தவர்களும் இதில் அடக்கம்.

உள்கதிரை விட்டுவிட்டு, நவீன வெளிக்கதிர் இயந்திரத்தாலேயே முழு அளவையும் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. உள்கதிர் பெற்ற கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளின் பங்கு 1988இல் 83 சதவீதம். 2009இல் 58 சதவீதம். 2013இல் வெளியான ஆய்வு அதன் விலையைச் சொன்னது. நான்கு ஆண்டு முடிவில் உள்கதிர் பெற்றவர்களில் 58 சதவீதமும், பெறாதவர்களில் 46 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு உயிர். பல கோடி ரூபாய் இயந்திரமும் அந்தச் சிறு துகளுக்கு ஈடாகவில்லை.

கையைக் காப்பாற்றும் கதிர்

ரமணருக்கு வந்த வகை நோயிலும் காலம் மாறியிருக்கிறது. அன்று கை, கால் சார்கோமாவுக்கு உறுப்பை எடுப்பதே தீர்வு என்று நம்பினார்கள். 1982இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் கொடுத்தவர்களும் உறுப்பை இழந்தவர்களும் உயிர்பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, கட்டியை அறுத்த இடத்திலேயே மெல்லிய குழாய்களைப் பதித்து, சில நாள் கழித்து அவற்றில் இரிடியத்தை வைத்தது. 164 நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 1996இல் வந்தது. உள்கதிர் பெற்றவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டு வரை அந்த இடத்தில் கட்டி திரும்பவில்லை. பெறாதவர்களில் இது 69 சதவீதம். இன்று இந்த நோய்க்காகக் கையை இழப்பவர்கள் மிகக் குறைவு.

ஊசியில் ஏறும் கதிர்

கட்டி பல இடங்களுக்குப் பரவிவிட்டால் குழாய் வைத்துப் பயனில்லை. அப்போது கதிர்வீசும் அணுவை ரத்தத்திலேயே அனுப்புகிறார்கள். தைராய்டுக்கு அயோடின்-131 பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது. தைராய்டு அயோடினைத் தானே தேடி இழுத்துக்கொள்வதால் வழிகாட்டி தேவையில்லை. மற்ற புற்றுகளுக்கு வழிகாட்டி வேண்டும். புராஸ்டேட் புற்றணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டும் மூலக்கூறில் லுட்டீசியம்-177 அணுவைக் கட்டி ஊசியாக ஏற்றுகிறார்கள். அதன் கதிர் திசுவில் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. மற்ற சிகிச்சைகள் கைவிட்ட 831 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு இதையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாக உயர்ந்தது. நோய் தீரவில்லை, நாள் கூடியது. 2022இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது. நம் நாட்டில் லுட்டீசியம் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் உருவாகிறது. இன்னும் குறைந்த தூரம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் பாயும் ஆக்டினியம்-225 அணுவை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நோயாளிகளிடம் ஆராய்ந்துவருகிறார்கள்.

நமக்கு அருகில் கல்பாக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. அங்குள்ள வேக ஈனுலையில் இட்ரியம் சேர்மத்தின் மீது நியூட்ரான்களைப் பாய்ச்சி ஸ்ட்ரான்சியம்-89 தயாரித்தார்கள். கால்சியத்தைப் போலவே எலும்பில் போய்ச் சேரும் இது, எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்கப் பயன்படுகிறது.

இப்படி உடம்புக்குள் செலுத்தும் மருந்துகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை உண்டு. கதிர் சில நாள் உடம்பிலேயே இருக்கும், சிறுநீரில் வெளியேறும். மருத்துவர் சொல்லும் நாள் வரை கர்ப்பிணிகள், குழந்தைகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும்.

எங்கே தடுக்கி விழுகிறோம்?

இந்தியாவில் 2022இல் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை தந்த மதிப்பீடு. திருவண்ணாமலை, செங்கம், போளூர்ப் பக்கத்துப் பெண்கள் பெரிய புற்றுநோய் மருத்துவமனை என்றால் வேலூர் சி.எம்.சி., காஞ்சிபுரம் காரப்பேட்டை, புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு என்றுதான் போகிறார்கள். ஐந்து வாரம் வெளிக்கதிர் முடிந்ததும் ரத்தப்போக்கு நின்றுவிடும்; வலி குறையும். நோய் போய்விட்டது என்று தோன்றும். அறுவடை காத்திருக்கும், வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பஸ் ஏறிவிட்டால் செய்த சிகிச்சை பெரும்பாலும் வீண். வெளிக்கதிர் தொடங்கிய நாளிலிருந்து உள்கதிர் முடியும் நாள் வரை 8 வாரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும், கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது.

பக்கவிளைவுகளை மறைக்கவும் கூடாது. சிறுநீர் எரிச்சல், வயிற்றுப்போக்கு, பிறப்புறுப்புப் பாதை சுருங்குதல் ஆகியவை வரலாம். பின்னதற்கு எளிய பயிற்சி முறைகள் உண்டு. வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுபவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். குழாய் பொருத்தும்போது வலி தெரியாமல் செய்வது மருத்துவமனையின் கடமை. அதைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்சிகிச்சை அடங்கும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சிபெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் வினிகரின் அமிலமான அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று ஒரே ஒரு முறை பார்த்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களுக்கு உடனே சிகிச்சை தரப்பட்டது. இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை இலவசம். இந்த நோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

உங்கள் வீட்டில் யாருக்காவது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கினால், முதல் நாளே மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உள்கதிர் எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில், எத்தனை முறை? அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, கடைசி முறை முடியும்வரை ஊர் திரும்பாதீர்கள்.