பெரம்பலூர் – அரியலூர் எல்லையில் விபத்து நடந்தால் எந்த மாவட்ட போலீஸ் வரும்? தீயணைப்பு வண்டி எங்கிருந்து வரும்?

பெரம்பலூரில் இருந்து அரியலூர் போகும் சாலையில், ராத்திரி 11 மணிக்கு ஒரு சிமெண்ட் லாரி கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் குன்னம் தாலுகா, அதாவது பெரம்பலூர் மாவட்டம். கொஞ்சம் தள்ளிப் போனால் அரியலூர் மாவட்டம். டிரைவர் உள்ளே சிக்கியிருக்கிறார். போன் போட்டால் "இது எங்க லிமிட் இல்லை"ன்னு சொல்லிட்டா என்ன பண்றது?

நகராட்சியிடம் ஒரு வண்டியும் இல்லை

அமெரிக்காவில் சின்ன நகரங்கள் பக்கத்தில் இருப்பவர்களிடம் காசு கொடுத்து போலீஸ் சேவை வாங்கிக்கொள்வது உண்டு. கலிபோர்னியாவின் லேக்வுட் நகரம் 1954-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஷெரிப்புடன் போட்ட ஒப்பந்தம்தான் இதில் பிரபலம். நம்மூரில் அதற்கு இடமே இல்லை. பெரம்பலூர், அரியலூர் நகராட்சிகளுக்குச் சொந்தமாக ஒரு போலீஸ்காரரும் கிடையாது, ஒரு தீயணைப்பு வண்டியும் கிடையாது.

காவல்துறை அரசியல் சட்டப்படியே மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தீயணைப்பு கதை வேறு. நகராட்சிகளுக்குத் தரக்கூடிய பணிகள் என்று 12-வது அட்டவணை சொல்வதில் அதுவும் ஒன்று. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ்தான் இயங்குகிறது. தமிழ்நாடு அதை மாநிலத் துறையாகவே வைத்திருக்கிறது. 1985-ம் ஆண்டு தீயணைப்புப் பணிச் சட்டமும் இதற்கென இருக்கிறது.

மாவட்டம் ரெண்டு, சரகம் ஒண்ணு

1995-ல் திருச்சியில் இருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனியானது. அடுத்த வருஷமே, 2002-ல், மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். கடைசியாக 2007 நவம்பர் 23-ல் அரியலூர் திரும்பவும் தனி மாவட்டம் ஆனது. கோடு இத்தனை தடவை மாறியும், இரண்டு மாவட்ட எஸ்.பி.களுக்கும் மேலே இருப்பது ஒரே திருச்சி சரக டி.ஐ.ஜி.தான். கரூர், புதுக்கோட்டையும் இதே சரகம்.

பெரிய பந்தோபஸ்து வந்தால் பக்கத்து மாவட்ட போலீஸ் வருவது இந்த ஏற்பாட்டால்தான். 2025 ஜூலை 27-ல் பிரதமர் கங்கைகொண்ட சோழபுரம் வந்தது போன்ற நிகழ்ச்சியை அரியலூர் போலீஸ் மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது.

தண்ணீர் தீர்ந்தால்?

தீயணைப்பில் பகிர்வு இன்னும் அவசரமானது. வழக்கமான ஒரு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிஷம். பருத்தி, மக்காச்சோளம் விளையும் பெரம்பலூரில் வைக்கோல் போரோ தட்டைப் போரோ பற்றினால் ஒரு வண்டி போதாது. 2023 அக்டோபர் 9-ல் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தது மாதிரியான விபத்தில் கேட்கவே வேண்டாம். ஒரே துறை என்பதால் அடுத்த மாவட்ட நிலையத்து வண்டியை அழைக்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை, யாரும் யாருக்கும் பில் போடுவதும் இல்லை.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. ஊருக்கு இன்னொரு வண்டி வேண்டும் என்றால் நகர்மன்றம் தீர்மானம் போடலாம், அவ்வளவுதான். ஆளும் வண்டியும் தர வேண்டியது சென்னை. சின்ன ஊர்களின் கோரிக்கை அங்கே வரிசையில்தான் நிற்கும்.

"எங்க லிமிட் இல்லை" என்று சொல்லலாமா?

கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை, அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்த காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். பதிவு செய்த பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்புவது போலீஸ் வேலை, உங்க வேலை இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலையும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு குழப்பம் ரயில். பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லாததால் நிறைய பேர் அரியலூர் போய்த்தான் ஏறுகிறார்கள். ரயிலிலோ பிளாட்பாரத்திலோ திருட்டு நடந்தால் விசாரிப்பது டவுன் போலீஸ் இல்லை, ரயில்வே போலீஸ். அது தமிழ்நாடு காவல்துறையின் தனிப் பிரிவு.

போனில் என்ன சொல்லணும்?

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண் 112. ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101 எண்களும் உண்டு. எடுப்பவர் உங்க ஊர்க்காரராக இருக்கணும்னு இல்லை. அதனால் எந்த மாவட்டம் என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் சாலை, பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல், பெட்ரோல் பங்க் அல்லது கோயில், உள்ளே ஆள் சிக்கியிருக்கிறாரா, தீ பிடித்திருக்கிறதா, லாரியில் என்ன சரக்கு என்பதைச் சொல்லிவிட்டு, திரும்ப அழைத்தால் எடுக்கிற மாதிரி போனைக் கையிலேயே வைத்திருங்கள்.